காலி டிஸ்க்கைக் கச்சிதமாக நகலெடுத்தேன்

வீட்டில் ஒரு பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும். கரண்டில் ஓடுகிற எல்லாச் சாமானுக்கும் அவன்தான் டாக்டர் என்று உறவினர்கள் முடிவு செய்துவிடுவார்கள். என்னிடம் வாஷிங் மெஷினைக்கூடக் காட்டியிருக்கிறார்கள். (சுற்றிவந்து பார்த்தேன், தலையாட்டினேன். மறுநாள் அது தானாகவே ஓடியது. என் புகழ் ஊருக்கு வெளியே வேங்கிக்கால் வரை பரவியது.)

அந்தப் புகழின் உச்சத்தில், நான் காலேஜில் இரண்டாம் வருஷம் இருந்தபோது, தனபால் மாமா புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அம்மாவின் தம்பி. கோயிலின் பேய்க் கோபுரத்துப் பக்கம் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' கடை வைத்திருந்தார். அவருக்கு ஜோதிடம் தெரியாது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டம் போட்டுப் பலனும் எழுதித் தருகிற சாஃப்ட்வேர்தான் அங்கே ஜோதிடர். திருநீறு பூசிக்கொள்வது மட்டும் மாமா. ஆனால் பழைய கம்ப்யூட்டர் ஒரு ஜாதகத்தை முடிப்பதற்குள் குழந்தைக்கு அடுத்த தசையே ஆரம்பித்துவிடும். அதனால்தான் புதுசு.

"புதுசுல எல்லாத்தையும் நல்லா ஃப்ரெஷ்ஷா போட்டுத் தரேன் மாமா" என்றேன்.

"ஃப்ரெஷ்ஷெல்லாம் வேணாம்டா. பழசுல எப்படி இருக்குதோ அப்படியே இருக்கணும். மேலேர்ந்து மூணாவது, மஞ்சத் தாமரை. அத அமுக்கினா ஜாதகம். அதுக்குக் கீழ பிரிண்டர். எடம் மாறிச்சின்னா எனக்குக் கை ஓடாது."

அதாவது, பழைய பெட்டியில் இருக்கும் விண்டோஸை, தாமரை உட்பட, அப்படியே தூக்கிப் புதுப் பெட்டியில் வைக்க வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கே அதில் ஓர் ஆர்வம் வந்துவிட்டது. வேறு பெட்டியில் கண் விழிக்கும்போது விண்டோஸுக்குத் தான் இடம் மாறியது தெரியுமா? பழைய பிரிண்டரைத் தேடுமா? சும்மா இருந்துவிடுமா? பாடப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நண்பன் ஒருவனிடம், ஒரு டிஸ்க்கில் இருப்பதை அச்சுப் பிசகாமல் இன்னொன்றுக்கு மாற்றுகிற புரோகிராம் ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. வாங்கிவந்தேன்.

நான் தேர்ந்தெடுத்த நாள் பௌர்ணமி. மாலையில் கிரிவலக் கூட்டம் வருவதற்குள் புதுக் கம்ப்யூட்டர் ஓடவேண்டும் என்பது மாமாவின் ஆசை. காலையில் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டிக்குள் இன்னொரு டிஸ்க்காக மாட்டினேன். கடைக்காரர் புது டிஸ்க்கை ஃபார்மெட் மட்டும் செய்து காலியாகக் கொடுத்திருந்தார். ஃப்ளாப்பியைப் போட்டதும் திரை சாம்பல் நிறத்தில் வந்து கேட்டது: எதிலிருந்து? ஒன்றா, இரண்டா?

பழசுதானே முதலில் வந்தது, அதனால் அது ஒன்று என்று நினைத்தேன். (இரண்டின் அளவும் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) கம்ப்யூட்டரோ, பெட்டியோடு வந்த புது டிஸ்க்கைத்தான் ஒன்று என்று வைத்திருந்தது. 'இரண்டில் இருப்பது அழிந்துவிடும், சம்மதமா?' என்று அது மரியாதையாகக் கேட்டது. சம்மதம் என்றேன்.

நினைத்ததைவிட வெகு சீக்கிரம் முடிந்தது. "பாத்தீங்களா மாமா, புதுசு என்னா வேகம்" என்றேன். மாமா பூரிப்போடு எனக்கு மசால் வடை வாங்கப் போனார்.

வடை வருவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. காலியாக இருந்த டிஸ்க்கை, துளி குறையாமல், நிறைந்திருந்த டிஸ்க்கின் மேல் நகலெடுத்திருந்தேன். இப்போது இரண்டுமே சுத்தமாக இருந்தன.

"எங்கடா தாமரை?"

"வரும் மாமா."

"எப்போ?"

அதற்குள் கடை வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆரணியிலிருந்து பெண்ணுக்குப் பொருத்தம் பார்க்க வந்திருந்த அம்மா ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க, மிஷினு வேல செய்யலியா?"

"சின்ன ரிப்பேருங்க" என்றார் மாமா.

அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "அதுக்கு ஏழரை நடக்குதோ என்னவோ. எந்த ராசின்னு பாத்தீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டார். அந்தத் தொழிலில் இருந்துகொண்டு மாமாவால் அதை மறுக்கவும் முடியவில்லை. "பாக்கணுங்க" என்றார்.

எதையாவது செய்தே தீரவேண்டும் என்ற பதற்றத்தில், பழைய டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே திரும்ப மாட்டி, அதில் சி.டி.யிலிருந்து விண்டோஸைப் போட்டேன். அதன்மேல் ஜாதக சாஃப்ட்வேரையும் போட்டேன். தாமரையை இழுத்துவந்து மேலிருந்து மூன்றாவதாக உட்காரவைத்தேன். பொழுது சாய்வதற்குள் கடை பழைய கம்ப்யூட்டரிலேயே பழைய வேகத்தில் ஓடியது. ஆரணி அம்மா பொருத்தத்தோடு கிரிவலம் கிளம்பினார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பிழைக்கவில்லை. மாமா அத்தனை வருஷமாகச் சேமித்த ஜாதகங்கள் எல்லாம் போயிருந்தன. டிஸ்க்கைச் சென்னைக்கு எடுத்துப்போய், அழிந்ததை மீட்கிறவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "அழிஞ்சப்புறம் இதுமேல எதுனா போட்டீங்களா?"

"விண்டோஸ் போட்டேன்."

"சும்மா விட்டிருந்தா முக்காவாசி எடுத்திருக்கலாம் தம்பி." டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாடிக்கையாளர்கள் கையில் பிரிண்ட் இருந்தது, அவர்களுக்கு நஷ்டமில்லை. எங்கள் குடும்பத்தில்தான் யாரிடமும் இல்லை. 'நம்ம மாமா கடையில இருக்குது' என்று யாரும் பிரிண்ட் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்று பழைய ஜாதக நோட்டை அம்மா பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தார். பிறப்புச் சான்றிதழில் தேதி உண்டு, நேரம் இல்லை. ஆக, நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயமாகிவிட்டது. அம்மா, "விடிகாலை, பால்காரரு வந்துட்டுப் போனாரு" என்றார். பெரியம்மா, "இல்லடி, நான் சோறு வடிச்சிட்டிருந்தேன்" என்றார். அப்பா அன்று ஊரிலேயே இல்லை.

சில வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த செல்வியைக் கட்டிக்கொள்ள விரும்பினேன். அவள் அப்பா ஜாதகம் கேட்டார். மாமா கடைக்கு ஓடினேன். அவர் செல்வியின் கட்டத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, எனக்கு விடிகாலையிலிருந்து ஒவ்வொரு நேரமாகப் போட்டுப் போட்டுப் பார்த்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முந்தைய ஒரு நேரத்தில் நிறுத்தினார்.

"ஒம்போது பொருத்தம். இது போதும்."

"பத்தும் வரலியா மாமா?"

"வருது. பத்துன்னா சந்தேகம் வரும்டா."

கல்யாணம் ஆகி முதல் தீபாவளியன்று, இனிப்பு மயக்கத்தில் மாமாவே எல்லாவற்றையும் என் மாமனாரிடம் உளறிவிட்டார். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. ஆனால் இன்றுவரை ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் எனக்கு வருகிற முதல் போன் அவருடையதுதான்.

"வாழ்த்துகள் மாப்ள. இந்த வருசம் எத்தினி மணிக்குப் பொறந்தீங்க?"