சேனாபதியின் ஆப்பிரிக்கப் படையெடுப்பு

பெயர் சேனாபதி என்றாலும், டெக்ஸாஸ் ரவுண்ட் ராக்கில் நாலு பெட்ரூம் வைத்த அந்த வீட்டில் அவருடைய அதிகார எல்லை கராஜோடு சரி. அங்கேயும் பாதி இடத்தை வசந்தாமணியின் அரிசி மூட்டைகள் பிடித்திருந்தன. அப்பேர்ப்பட்ட சேனாபதி, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காபி டம்ளரை மேஜைமேல் சற்று ஓசையாகவே வைத்துவிட்டு அறிவித்தார்.

"இந்த வருசம் வெகேஷன் பிளான் நான் போடறேன். யாரும் குறுக்க பேசக் கூடாது."

யாரும் குறுக்கே பேசவில்லை. யாரும் காதில் வாங்கவில்லை என்பது வேறு விஷயம். மகள் யாமினியின் காதுகளில் இயர்பட் இருந்தது. மகன் கதிர் டேப்லெட்டுக்குள் இருந்தான். வசந்தாமணி மட்டும் தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"எங்கீங்க போறோம்?"

"சவுத் ஆப்பிரிக்கா. கேப் டவுன்ல இறங்கறோம். கார் எடுக்கறோம். கடலோரமாவே டிரைவ் பண்ணிட்டுப் போறோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் திமிங்கலம். நடுவுல பெங்குவின்."

"எப்பங்க?"

"ஜூன் மூணுல இருந்து பதினாறு வரைக்கும்."

கரண்டி ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடிக்காகத்தான் சேனாபதி மூன்று வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

ஜூன் எட்டாம் தேதி, வைகாசி முகூர்த்தத்தில், கோபிச்செட்டிபாளையத்தில் வசந்தாமணியின் அண்ணன் நல்லசிவம் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வழக்கமாக இந்த மாதிரி அழைப்புகளுக்கெல்லாம் சேனாபதியிடம் ஒரே மருந்து உண்டு: லீவு கிடைக்காது. கல்யாணம், காதுகுத்து, கெடாவெட்டு எதுவானாலும் அதே மருந்து, அதே அளவு. ஆனால் கூடப் பிறந்த ஒரே அண்ணன் வீடு கட்டியிருக்கும்போது அது கேட்காது. இந்தத் தடவை வெறும் சாக்கு போதாது, டிக்கெட் எடுத்த சாக்கு வேண்டும்.

நல்லசிவம் தங்கமான மனிதர். அவரோடு சேனாபதிக்கு ஒரு மனஸ்தாபமும் கிடையாது. பிரச்சினை மாடு.

ஐந்து வருஷம் முன்னால் மாமனார் பழைய வீட்டை இடித்துக் கட்டினார். முதலில் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டுமல்லவா, அந்தக் கயிற்றை அமெரிக்கா மாப்பிள்ளை பிடிப்பதுதான் கௌரவம் என்று சொல்லி நல்லசிவம் நீட்டினார். கௌரவம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சேனாபதி கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அப்போது பந்தலின் அந்தக் கோடியில் கட்டியிருந்த வாழைமரம் மாட்டின் கண்ணில் பட்டது. பட்டு வேட்டி வாசலிலேயே தங்கிவிட்டது. சேனாபதி மட்டும் மாட்டோடு போனார். முந்நூறு உறவினர், ஒரு நாதஸ்வர செட், ஒரு டிரோன் கேமரா. நாற்பத்து மூன்று வினாடி ஓடும் அந்த வீடியோ ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் தவறாமல் வரும். அறுபது பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போடுவார்கள். அதில் சேனாபதியைப் பெற்ற தாயும் அடக்கம்.

இந்த ஜன்மத்தில் இன்னொரு தடவை அந்தக் கயிற்றைத் தொடுவதில்லை என்பது அவர் சபதம். திமிங்கலமெல்லாம் வெறும் பக்கவாத்தியம்.

வசந்தாமணி சண்டைக்கு வருவாள் என்று பதினேழு பதில்கள் தயாராக வைத்திருந்தார். ஒன்றும் செலவாகவில்லை.

"சரிங்க," என்றாள்.

"சரியா?"

"நீங்களே ஆசைப்பட்டுக் கேக்கறீங்க. அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன். உங்களுக்கு லீவு கிடைக்குமுங்களா?"

"ரெண்டு வாரம். மேனேஜர் அப்ரூவ் பண்ணிட்டாரு."

"பரவால்லீங்களே," என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

விவரமுள்ள புருஷன் இந்த இடத்தில் உஷாராகியிருப்பான். சேனாபதி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வசந்தாமணிக்கு உத்தியோகம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்க அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆபீசில் ஓட்டையைக் கண்ட அன்றே சொல்லிவிடுவாள். வீட்டில் அப்படி ஒரு விதி கிடையாது.

அன்று சாயங்காலமே டிக்கெட் எடுக்க உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க, மாத்திக்கற மாதிரி டிக்கெட்டா எடுங்க. கொஞ்சம்தான் ஜாஸ்தி."

"எதுக்கு? இது மாறவே மாறாது."

"பசங்களுக்குக் காய்ச்சல் கீச்சல் வந்துட்டா?"

தோற்றவர்களுக்கு ஒரு சலுகை கொடுப்பது ஜெயித்தவனுக்கு அழகு. கொடுத்தார்.

"விசா வேணுமுங்களா?"

"வேண்டாம். தொண்ணூறு நாள் சும்மாவே இருக்கலாம். வெப்சைட்ல பாத்துட்டேன்."

"எல்லாருக்குமா?"

"வசந்தா, இந்த டிரிப்புக்கு லீடர் யாரு?"

"நீங்கதானுங்க."

"அப்புறம்?"

அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

அடுத்த மூன்று மாதமும் சேனாபதியின் பொற்காலம். ஏழு வண்ணத்தில் எக்செல் ஷீட் போட்டார். பைனாகுலர் வாங்கி, பக்கத்து வீட்டு அணிலைத் திமிங்கலமாக நினைத்துப் பழகினார். அகலத் தொப்பி ஒன்று வாங்கி இந்தியன் ஸ்டோருக்குக் கூடப் போட்டுக்கொண்டு போனார். கத்திரிக்காய் பொறுக்கிய நேரத்திலும் அதைக் கழற்றவில்லை.

மே இருபத்து மூன்றாம் தேதி, விமானக் கம்பெனியின் சைட்டில் பயணிகள் விவரத்தை நிரப்பினார். வசந்தாமணி, அமெரிக்கா: பச்சை டிக். யாமினி, அமெரிக்கா: பச்சை. கதிரும் பச்சை. சேனாபதி, இந்தியா. அந்த வரி மட்டும் சிவந்தது. விசா தேவை.

நாலு வருஷம் முன்னால் வசந்தாமணி சிட்டிசன்ஷிப் வாங்கியபோது இவரையும் அப்ளை பண்ணச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பிறந்தபோதே வந்துவிட்டது. சேனாபதி அசையவில்லை. கிரீன் கார்டு வயிற்றுக்கு, பாஸ்போர்ட் தாய்மண்ணுக்கு என்றார். அதையே ஆகஸ்ட் பதினைந்தன்று தமிழ்ச் சங்க மேடையில் இருபது நிமிஷம் பேசி ஒரு பொன்னாடையும் வாங்கினார். தொண்ணூறு நாள் கணக்கைப் படித்த பக்கத்தில், 'உங்கள் நாடு' என்ற கட்டத்தில் அமெரிக்கா என்று தானாகவே நிரம்பியிருந்தது. தாய்மண்ணின் மைந்தர் அதைப் பார்க்கவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த வசந்தாமணியின் முன்னால் போய் நின்றார்.

"வசந்தா, எனக்கு மட்டும் விசா வேணுமாம்."

"அச்சச்சோ," என்றாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அச்சச்சோ என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"அப்பாயின்ட்மென்ட் ஜூன் இருபதுக்குத்தான் கிடைக்குது."

"பதினாறே நாம திரும்பி வந்துருவமேங்க."

சேனாபதி குரலைத் தழைத்துக்கொண்டார். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க கண்ணு. நான் ஒருத்தன் எப்படியோ இருந்துக்கறேன்."

"லீடர் இல்லாம நாங்க எங்கீங்க போறது?"

"அப்ப லீவைக் கேன்சல் பண்ணிடறேன்."

"இத்தனை வருசமா கிடைக்காத லீவுங்க. கிடைச்சதை விடலாமுங்களா? நல்லவேளை, மாத்திக்கற டிக்கெட்டாப் போச்சு. உங்க பாஸ்போர்ட்டை விசா கேக்காம உள்ள விடற ஊரா பாத்து மாத்திக்கலாம்."

"மொரீசியஸ்," என்றார் சட்டென்று. "தாய்லாந்து. மாலத்தீவு."

"இந்த பிளைட்டுக்காரன் அங்கெல்லாம் போறதில்லீங்க. பாத்துட்டேன்."

"எப்பப் பாத்தே?"

"இப்பத்தானுங்க." அவளுடைய போன் அடுத்த ரூமில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. "கோயமுத்தூருக்குப் போறான். அங்க உங்களை ஒருத்தரும் விசா கேக்க மாட்டாங்க. நீங்களே மேடையேறிச் சொன்னீங்களே."

சேனாபதிக்கு ஒரு கடைசித் துரும்பு கிடைத்தது. "எனக்கு வேண்டாம். உங்க மூணு பேருக்கும் இந்தியாவுக்கு விசா வேணுமே?"

"ஓசிஐ கார்டு போன வருசமே வாங்கி வெச்சுட்டனுங்க. அது இருந்தா விசாவே வேண்டாம், ஆயுசுக்கும் செல்லும்." மடித்த துணிகளின் மேல் அவருடைய பட்டு வேட்டியை எடுத்து வைத்தாள். "கடலைப் பாக்கோணும்னு ஆசைப்பட்டீங்க. பக்கத்துலயே பவானிசாகர் அணை இருக்குது. திமிங்கலம் இருக்காது. மீனு வறுத்துக் குடுப்பாங்க."

ஆப்பிரிக்கா என்றபோது ஏறிட்டுப் பார்க்காத பிள்ளைகள் இப்போது மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள்.

"டாட், வில் தேர் பி எ கௌ?" என்றான் கதிர்.

யாமினி இயர்பட்டைக் கழற்றினாள். "ஐ'ம் ஃபில்மிங் இட். ஸ்லோ மோஷன்."

சேனாபதிக்கு உள்ளங்கை எரிந்தது. ஐந்து வருஷம் முன்னால் கயிறு அறுத்த இடம் அது. கிரகப்பிரவேசத்திலிருந்து தப்ப முடியாவிட்டாலும் கயிற்றிலிருந்தாவது தப்பிக்கலாம் என்று கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து நல்லசிவத்துக்கே போன் போட்டார். கோபியில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது.

"மச்சான், நாங்க வர்றோம். ஒரே ஒரு விஷயம். மாட்டுக் கயிறை மட்டும் இந்தத் தடவை வேற யாராச்சும் புடிச்சா நல்லாருக்கும்."

"அதெப்படீங்க மாப்ள," என்றார் நல்லசிவம். "நீங்க வர்றீங்கன்னு தங்கச்சி மாசி மாசமே சொல்லிருச்சு. அதே மாட்டைத்தான் சொல்லி வெச்சுருக்கறேன்."