ஆப்பிள் ஜூஸ் விரதம்

"நோ மோர், டாடி" என்று டம்ளரை நகர்த்தினாள் பிரீத்தி. "ஐ ஸ்மெல் லைக் அன் ஆப்பிள்."

ஏழு வயதுப் பெண்ணிடம் அதற்குமேல் கெஞ்ச முடியாது. மிச்ச ஜூஸை வெள்ளியங்கிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துத் தீர்த்தான். அவனுக்கு ஆப்பிள் ஜூஸ் பிடிக்காது. அவனுக்கு வேண்டியது ஜூஸ் வந்த கண்ணாடி ஜக்.

எல்லாம் ஆபீஸில் பக்கத்து சீட் அமெரிக்கன் கேரி செய்த வேலை. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன் அவன். ஒருநாள் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான், வெள்ளியங்கிரி கவிழ்ந்துவிட்டான். நாமும் ஒரே ஒரு தடவை, நம் கையால் காய்ச்சிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. மால்ட், ஈஸ்ட், நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் கார்க், அதில் செருகும் குழாய் என்று எல்லாவற்றையும் கேரியே ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். ஜக் மட்டும் வெள்ளியங்கிரி பொறுப்பு. கண்ணாடியாக இருக்க வேண்டும், வாய் குறுகலாக இருக்க வேண்டும். கடையில் ஆப்பிள் ஜூஸ் வரும் ஜக் கச்சிதம் என்றான்.

சிக்கல் கண்மணிதான். "வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரக்கூடாது" என்று பெண் பார்க்கப் போன அன்றே அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வெள்ளியங்கிரி புரோகிராமர். வெளியிலிருந்து வரக்கூடாது என்றுதானே சத்தியம், உள்ளேயே உண்டானால் அதில் சேராது என்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். அந்த வாதத்தை அவளிடம் சொல்லிப் பார்க்கத்தான் தைரியம் இல்லை. காலி ஜக்கோடு வீட்டுக்குப் போனால் கேள்வி வரும், ஜூஸோடு போனால் வராது.

"கொலஸ்ட்ராலுக்கு நல்லதாம்" என்று சொல்லி வைத்தான்.

கண்மணி அதை அப்படியே நம்பினாள். அதுதான் அவனுக்கு உறுத்தியது.

ஜக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தால் ஜக் நிறைய நல்லெண்ணெய்.

"டின் ஒழுகிட்டே இருந்துச்சுங்க. எவ்வளவு நல்ல ஜக்கு, இதைப் போய் எவனாவது சும்மா வெப்பானா?" என்றாள் கண்மணி.

வீட்டில் ஒரு பாத்திரம் காலியாக இருக்க அவள் விட்டதே இல்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் மாவு, காபி பாட்டிலில் மிளகாய்ப் பொடி. இது தெரிந்தும் கவிழ்த்து வைத்தது தன் தப்பு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வெள்ளியங்கிரி இன்னொரு காலன் ஜூஸ் வாங்கினான். குடித்தான். காலி ஜக்கை கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்தான்.

மறுநாள் அதுவும் இல்லை.

"நாகலக்ஷ்மி ஆன்ட்டி பஜனைக்குப் பானகம் போட ஜக் கேட்டாங்க. குடுத்துட்டேன்" என்றாள் கண்மணி.

மூன்றாவது ஜக்கை கார் டிக்கியில் வைத்தான். மலை தாண்டி ஆபீஸுக்கும் வீட்டுக்கும் அது கூடவே உருண்டுகொண்டு வந்தது. சனிக்கிழமை ப்ளெசன்டன் என்ற ஊரில் நாகலக்ஷ்மி ஆன்ட்டி வீட்டுப் பஜனைக்குப் போனார்கள். பிரசாதப் பாத்திரத்தை எடுக்கக் கண்மணி டிக்கியைத் திறக்க, ஆன்ட்டியின் கணவர் திருமூர்த்தி அங்கிள் எட்டிப் பார்த்தார்.

திருமூர்த்தி அங்கிள் நெற்றி நிறைய விபூதியும் முகம் நிறையக் கண்டிப்புமாக இருப்பவர். பிக்னிக்கில் பீர் கேனோடு நின்ற ஒரு பையனை அத்தனை பேர் முன்னால் அழ வைத்தவர். கண்மணிக்கு இந்த ஊரில் அவர்தான் அப்பா ஸ்தானம்.

"அட, இன்னொண்ணு இருக்கே. பஜனைக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்மா" என்றார் அங்கிள்.

"எடுத்துக்கோங்க அங்கிள். இவர் இப்ப ஜூஸ்தான் குடிக்கிறார். வாரா வாரம் வரும்" என்றாள் கண்மணி.

அவ்வளவுதான், வெள்ளியங்கிரிக்கு வாராந்திரக் கடமை வந்து சேர்ந்தது. அவன் குடித்தான், அங்கிள் ஜக் வாங்கிக்கொண்டார். வயிறு எந்நேரமும் கடமுடா என்றது. Y2K மீட்டிங்கில் இரண்டு தடவை எழுந்து ஓடினான்.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தான். ஒரே நேரத்தில் இரண்டு ஜூஸ் வாங்கினான். ஒன்று குறுகிய வாய், இன்னொன்று ஊறுகாய் ஜாடி மாதிரி அகன்ற வாய். அகன்றதை அங்கிளுக்கு என்று வெளியே வைத்தான். கண்மணி காய்கறி வாங்கப் போன நேரத்தில் அவசரமாகக் காய்ச்சி, குறுகிய ஜக்கில் ஊற்றி, கார்க்கை அடித்து, குழாயைச் செருகி, கோட் அலமாரிக்குள் வைத்தான். மறுநாள் காலையில் பீர் புளிக்கத் தொடங்கி, உள்ளேயிருந்து 'குபுக்' என்று சத்தம் கேட்டது. தொட்டிலில் பிள்ளை சிரித்த மாதிரி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அகன்ற வாய் ஜக்கை வாங்கிக்கொண்ட கையோடு, பஜனைக்கு நடுவில் அங்கிள் எழுந்து நின்றார்.

"தெருவுக்குத் தெரு பீர் விக்கிற நாட்டுல ஒரு மனுஷன் ஜூஸ் குடிச்சிட்டு இருக்கார். வெள்ளியங்கிரியைப் பாத்துக் கத்துக்கணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா கிட்ட இதை போன்ல சொல்லணும்" என்று காரில் சொன்னாள். "நான் குடுத்து வெச்சவதாங்க."

வெள்ளியங்கிரிக்கு ஃப்ரீவே முழுவதும் வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், அவள் பிரீத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அலமாரியிலிருந்து ஜக்கை எடுத்துப் போய் பாத்ரூமில் கவிழ்த்தான். நுரை அடங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றான். அழுகை வந்தது, ஆனால் மனசு லேசாகிவிட்டது. கார்க்கையும் குழாயையும் திங்கட்கிழமை கேரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் பஜனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, திருமூர்த்தி அங்கிள் கையைக் காட்டி அவனைக் கராஜ் பக்கம் கூப்பிட்டார். முகத்தில் அதே கண்டிப்பு. விஷயம் தெரிந்துவிட்டது என்றே வெள்ளியங்கிரி நினைத்தான். அங்கிள் கையில் அந்த அகன்ற வாய் ஜக் இருந்தது. ஆன்ட்டி உள்ளேதான் இருக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. இனிமே பழைய மாதிரி வாய் குறுகலானதாவே கொண்டு வாங்க. இதுல அந்த ஓட்டை போட்ட ரப்பர் கார்க் நிக்கவே மாட்டேங்குது."