நாட்வித்ஸ்டாண்டிங்கின் கடைசிக் காம்போசிஷன்

இங்கிலீஷுக்குக் கொஞ்சமும் பயப்படாமல், அந்த இங்கிலீஷையே பயந்து நடுங்க வைத்தவன் காஞ்சிபுரத்திலேயே ஒருவன்தான். அறுபதுகளின் கடைசியில் என்னோடு பியூசி படித்த ஐயம்பேட்டைக்காரன். 'இருந்தபோதிலும்' என்பதற்கு 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற வார்த்தையை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அவனுடைய சொந்தப் பெயர் அட்டென்டன்ஸுக்கு மட்டும்தான்.

கேன்டீனில் போய் உட்கார்ந்து, "நாட்வித்ஸ்டாண்டிங் சட்னி, ஒன் மோர் சாம்பார்!" என்பான்.

சர்வர் தலையைச் சொறிவார். "அது இன்னிக்குப் போடலீங்க. வடைதான் இருக்குது."

ஒருமுறை காய்ச்சலுக்கு லீவு கேட்டு, தன் தேகத்தில் பெரும் தீ விபத்து நேர்ந்துவிட்டதாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தான். லெக்சரர் வகுப்பைப் பார்த்து, "ஃபயர் எஞ்சினுக்குச் சொல்லி அனுப்பிச்சாச்சா?" என்றார். பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தோம். அவனும் கூடவே சிரித்தான்.

வருஷக் கடைசியில், 'என் எழுத்து எப்படி வளர்ந்தது?' என்று காம்போசிஷன் எழுதச் சொன்னார் லெக்சரர். நாட்வித்ஸ்டாண்டிங் வாசிக்க எழுந்ததுமே சிரிக்கத் தயாரானோம். அவன் வாசித்த இங்கிலீஷில் ஒரு பெரிய வார்த்தைகூட இல்லை. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"எங்கள் வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசுவோம். எழுத்தும் கத்தினால்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் அக்கா தன் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோருக்கும் கேட்டது."

சிரிக்கத் தயாராக இருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"யார்கிட்டப்பா எழுதி வாங்கினே?" என்றார் லெக்சரர்.

"நானேதான் சார்."

"பொய் சொல்லாதே. எந்தப் புஸ்தகத்துல திருடினே?"

அவன் உட்காரவில்லை. புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனவன், மறுநாள் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

லெக்சரர் கெட்டவர் இல்லை. லைப்ரரியில் அலமாரி அலமாரியாகத் தேடினார். அந்த வரிகள் எதிலும் கிடைக்கவில்லை. கடைசியில், "அவன் வீடு உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் பஸ் ஏறினார்.

தறியில் உட்கார்ந்திருந்தவன் எங்களைப் பார்த்ததும் எழுந்தான். உள்ளேயிருந்து ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கன்னுகூடச் சொல்லாமல், தலை நிமிராமல் திரும்பிப் போனாள். அக்கா. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு லெக்சரர் அப்படியே நின்றார். குடிக்கவில்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேம்பா. பரீட்சைக்காவது வா. நீ எழுதினதை காலேஜ் மலர்ல போடலாம்."

அவன் கோபப்படவே இல்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

"பெரிய பெரிய வார்த்தையா எழுதிக்கினு இருந்தப்போ சிரிச்சீங்க சார். சின்னதா எழுதினேன், திருடன்னீங்க. இன்னும் எப்படி சார் எழுதறது?"

லெக்சரர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னோடு திரும்பிப் பஸ் ஏறினார்.

பல வருஷம் கழித்து அவனைக் கடைத்தெருவில் பார்த்தேன். பெரிய ஜவுளிக்கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள், நன்றாகச் சதை போட்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். "எழுதறியாடா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குபா? நீ எழுதறியே, படிச்சிக்கினுதான் இருக்கறேன்" என்று என் முதுகில் தட்டினான்.

எத்தனையோ பேரைப் படித்துவிட்டேன். படிக்கக் கிடைக்காமல் போய்விட்டானே என்று நான் ஏங்குவது அவன் ஒருவனுக்காகத்தான்.