மங்கல் பாவா போட்ட வெளிச்சம்

சூரியனிடமே குறை கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் மங்கல் பாவாதான். திருத்தணி வெயிலில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். அந்த வெயிலில் நடுரோட்டில் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னாபா, இன்னிக்கு கொஞ்சம் மங்கலா கீது?" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. மலைமேல் நடக்கும் கல்யாணங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துப்போடும் குடும்பம். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். மனைவியின் தம்பிகள் அவரைப் 'பாவா' என்று கூப்பிடப்போய், அது தெருவுக்குப் பரவி, தபால்காரர் உட்பட அனைவருக்கும் அவர் அக்கா புருஷன் ஆகிவிட்டார். 'மங்கல்' பட்டம் அவரே உழைத்துச் சம்பாதித்தது. கல்யாண மண்டபத்தில் எத்தனை டியூப்லைட் எரிந்தாலும் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "ரொம்ப மங்கல். இது சாம்பாரா ரசமான்னே தெரில" என்பார். ஒருமுறை சம்பந்தி வீட்டார் இதைக் காதில் வாங்கி, சாம்பாரின் தரத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பந்தியை விட்டே எழுந்துவிட்டார்கள்.

நான் அப்போது வங்கியில் குமாஸ்தா. அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஹைபிரிட் கார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். மறுபடி வெளிநாடு கிளம்பியபோது, தன் கல்யாணத்தில் சாப்பிட்ட வத்தக்குழம்பை மறக்க முடியாமல் அந்தக் காரைப் பாவாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். இந்தப் பக்கத்து மெக்கானிக் எவனும் அதைத் தொடப் பயந்ததும் ஒரு காரணம்.

அந்தக் கார் எங்கள் ஊருக்குப் புரியவே இல்லை. நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். ரயில்வே கேட்டில் பாவா காத்திருந்தால், நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்துவிடுவார்கள். "நின்னுபோச்சா பாவா? இரு, தள்றோம்." அவர் கத்துவதற்குள் தள்ளியும் விடுவார்கள். மெதுவாகப் போகும்போது சத்தமே வராது. பசுமாடுகள் அதை ஒரு வாகனமாகவே மதிக்கவில்லை. பின் சீட்டில் கத்தரிக்காய் மூட்டை, மடியில் ஜல்லிக்கரண்டி, முன்னால் விலகாத மாடு. இந்தக் கோலத்தில் பாவா ஊர்வலம் போவார்.

கார் வந்த வாரமே தீர்ப்பும் வந்துவிட்டது. "வண்டி தங்கம், தம்பி. ஹெட்லைட்டுதான் மங்கல்."

சென்னைக்குப் போய், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் தரும் எச்.ஐ.டி. பல்பு ஜோடி ஒன்றும், அதற்கு உயிர் கொடுக்கிற சின்னப் பெட்டிகள் இரண்டும் வாங்கி வந்தார். மாட்டுவதற்கு அரக்கோணத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் தாமு வந்தான். பானெட்டைத் திறந்ததும் உள்ளே ஆரஞ்சு நிற வயர்களைப் பார்த்து நாலடி பின்னால் நகர்ந்தான்.

"பாவா, இது பெரிய பேட்டரி வயரு. தொட்டா நேரா முருகன் கால்லதான் போய் விழணும்."

"அத்த இன்னாத்துக்குடா தொட்ற? லைட்டு வயரு இந்தப் பக்கம் கீது பாரு."

"தெரிது. ஆனா அதுவும் என்னியே பாக்குதே?"

கடைசியில் தாமு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் ஏறி நின்று, ரப்பர் செருப்பு போட்டு, கையில் பாவாவின் சமையல்கட்டுக் கையுறையையும் மாட்டிக்கொண்டு வேலையை முடித்தான். சுவிட்சைப் போட்டார் பாவா. விளக்கு உடனே எரியவில்லை. முதலில் நீலமாகச் சிணுங்கியது, அப்புறம் ஊதா, அப்புறம் பளீரென்று பால்வெள்ளை. எதிர் வீட்டுச் சேவல் கூவியே விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பாவாவுக்குக் குறை எதுவும் கிடைக்கவில்லை.

குறை எதிரே வந்தவர்களுக்குக் கிடைத்தது. அன்று பொழுது சாய்ந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு அம்மையார்குப்பம் பக்கமாகக் கிளம்பினார். எதிரே வந்த டவுன்பஸ் அப்படியே நின்றது. கண்டக்டர் இறங்கி, கண்ணைப் பொத்திக்கொண்டு, "யோவ், கண்ணு இன்னா அவிஞ்சா போணும் எங்களுக்கு?" என்று கத்தினார். பாவா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் மொபெட்டில் ஒரு நெசவாளி வந்தார். பின்னால் சேலை மூட்டை. வெளிச்சம் முகத்தில் அடித்ததும் தடுமாறி, ரோட்டை விட்டு இறங்கி, மூட்டையோடு சேற்று வயலில் சாய்ந்தார்.

பாவா வண்டியை நிறுத்தி ஓடினார். நல்லவேளை, அடி இல்லை. சேலைகள்தான் சேறு. அந்த மனிதர் திட்டவில்லை. சேற்றைத் துடைத்தபடியே, "உனுக்கு வெளிச்சம். எனுக்கு இருட்டத்தானய்யா குடுத்த?" என்றார்.

அவரை வீட்டுக்கு அழைத்து வந்து சோறு போட்டு, மனைவியும் தானுமாகச் சேலைகளை அலசி, காயவைத்துக் கொடுத்து அனுப்பினார் பாவா. அந்த வாரம் முழுக்கக் காரையே எடுக்கவில்லை. கத்தரிக்காய் ஆட்டோவில் வந்தது.

பிறகு தாமு மறுபடி ஸ்டூலோடு வரவழைக்கப்பட்டான். இந்தமுறை பல்புகளுக்கு முன்னால் கண்ணாடி வில்லை பதித்த ஹெட்லைட். வெளிச்சம் மேலே ஏறாமல் தரையோடு போக வேண்டும் என்பது பாவாவின் உத்தரவு. பக்கத்துச் சத்திரத்தின் வெள்ளைச் சுவரில் கரியால் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்குமேல் ஒரு பொட்டு வெளிச்சம் போகாதபடி திருகித் திருகிச் சரிபார்த்தார்கள். பாவாவின் மனைவி முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

"ஏமண்டி, செவுத்துல பட்டு வர்ற வெளிச்சம் கண்ணுக்கு எவ்ளோ இதமா கீது பாருங்க."

"ஆங், ஆங்" என்றார் பாவா, திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஆடிக் கிருத்திகையை ஒட்டிப் பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் கபடிப் போட்டி. இறுதி ஆட்டம் கண்டிகைக்கும் அரக்கோணத்துக்கும். அரக்கோணத்தைக் கண்டிகை ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. கண்டிகைக் கேப்டன் முனுசாமி, பாவாவின் சமையல் கோஷ்டியில் சாம்பார் கிண்டுபவன். அதனால் ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு பாவா கையால். நானும் பந்திக்குத் துணையாகப் போயிருந்தேன்.

அரக்கோணம் முன்னிலையில் இருந்தபோது, இருட்டுகிற வேளையில், கரெண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெளிச்சம் இல்லன்னா ஆட்டத்த முடிச்சிக்கிறேன். இப்ப யாரு மேல கீறாங்களோ அவுங்களுக்குத்தான் கப்பு."

முனுசாமி மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாவா கரண்டியைக் கீழே போட்டார். "எந்திர்றா! நான் இருக்கசொல்ல கண்டிகையில இருட்டா?"

காரைக் கொண்டுவந்து ஆடுகளத்தைப் பார்த்து நிறுத்திச் சுவிட்சைப் போட்டார். நீலம், ஊதா, வெள்ளை. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. அரக்கோணத்துப் பையன்கள் முழங்கையால் கண்ணை மறைத்தார்கள். நடுவர் தலையாட்டினார். "களத்துல குனிஞ்சாலே கண்ணுல அடிக்குது பாவா. ஒரு டீமுக்கு மட்டும் கண்ணு தெரியறது ஆட்டம் இல்ல."

வேறு நாளாக இருந்தால் பாவா ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். அன்று உடனே வண்டியைத் திருப்பினார். களத்தை ஒட்டி அரிசி மில்லின் நீளச் சுவர், புதுச் சுண்ணாம்பு அடித்தது. காரின் மூக்கை அந்தச் சுவர் பக்கம் வைத்தார். வெளிச்சம் சுவரில் பட்டு, மெத்தென்று களம் முழுக்க விரிந்தது. கோடு தெரிந்தது, கால் தெரிந்தது, யார் கண்ணும் கூசவில்லை.

"ஆடுங்க" என்றார் நடுவர்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் சத்தம் இல்லை. கார் மூச்சுக்கூட விடவில்லை. பாடி வருகிறவனின் 'கபடி கபடி' கடைசி வரிசைக்கும் கேட்டது. நடுவில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற எஞ்சின் தானாக ஒருமுறை உறுமியபோது கூட்டம் அதற்கும் கைதட்டியது. பாவா மட்டும் எதையும் பார்க்கவில்லை. இறங்கினால் விளக்கு அணைந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"முனுசாமி ரெண்டு பேர தொட்டுட்டான், பாவா!"

"கோட்டுக்கு வந்துட்டானா? அத்த சொல்லுபா மொதல்ல!"

கடைசியில் கண்டிகை ஒரே ஒரு புள்ளி முன்னால். அரக்கோணத்தின் பெரிய ஆட்டக்காரன் பாடி வந்தான். மூலையில் முனுசாமியைத் தொட்டுவிட்டு, கோட்டை நோக்கிப் பாய்ந்தான். பாயும்போது பாட்டு ஒரு கணம் அறுந்தது. சாதாரண நாளில் ஜெனரேட்டர் இரைச்சலில் யாருக்குக் கேட்டிருக்கும்? அன்று ஊருக்கே கேட்டது. நடுவர் விசில் ஊதினார். "மூச்சு விட்டுட்டான். அவுட்!"

அரக்கோணத்தானே தலையை ஆட்டி ஒப்புக்கொண்டான். கண்டிகை மண் மேலே பறந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு முனுசாமி நேராகக் காருக்கு ஓடிவந்து, பானெட்மேல் வைத்து, ஜன்னல் வழியாகப் பாவாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதன்பின் அந்தக் காரை ஜனங்கள் உண்மையாகவே தள்ளினார்கள், தெருவெல்லாம், மேளத்தோடு. இந்தமுறை பாவா தடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டே வந்தார்.

எனக்கு அக்கா கிடையாது, தங்கையும் கிடையாது. ஆனாலும் பாவா என்று கூப்பிட எனக்கு ஒருவர் இருந்தார்.