கேட்டா வைத்தியம்

காப்பியை ஒரு மடக்கு குடித்ததும் மனுவேலுக்குத் தன் மனைவி மீதே சந்தேகம் வந்துவிட்டது.

"சாந்தாமேரி, இதுல என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலீங்க."

"அதத்தான் கேக்கறேன். ஏன் ஒண்ணும் போடல?"

அவள் சர்க்கரை டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மனுவேல் தம்ளரைப் பார்த்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் வேலை அவருக்கு. விடிந்தால் காப்பிச் செடி, பொழுது போனால் காப்பி மூட்டை. ஆனால் அவருக்கு உயிர் காப்பி அல்ல, அதில் விழுகிற மூன்று கரண்டி சர்க்கரை. சர்க்கரையை நனைப்பதற்குக் காப்பி ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

வினை காலில் வந்தது. புது ஷூ கடித்துக் கொப்புளமாகி, அது சீக்கிரம் ஆறவில்லை. ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானசுந்தரம் அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் சர்க்கரை இருக்கான்னு பாத்துடலாம். காலைல எழுந்ததும் போற ஒண்ணுக்கைப் பிடிச்சு அனுப்புங்க" என்றார்.

எஸ்டேட் ஜீப் தினமும் காலையில் பாலும் தபாலும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு பஜாருக்குப் போகும். டிரைவர் ஐயாக்கண்ணுவிடம் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் பிடித்து, கார்க்கு வைத்து அடைத்து, காகிதம் சுற்றி, விஷயத்தைக் காதோடு சொல்லிக் கொடுத்தனுப்பினார் மனுவேல். காகிதம் சுற்றிய பாட்டிலைப் பார்த்தால் ஊர் வேறு ஏதாவது நினைக்குமே என்பது ஜீப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சாயங்காலம் ஜீப் வந்ததும் ஓடினார்.

"ஏப்பா ஐயாக்கண்ணு, பாட்டில் பத்திரமாப் போச்சா?"

ஐயாக்கண்ணு ஈரமாயிருந்த சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "போச்சுங்க ரைட்டரே" என்றான்.

"சரி, சரி. என்ன சொன்னாங்க?"

"பச்சைன்னு சொல்லச் சொன்னாருங்க கம்பவுண்டரு."

அந்தப் பச்சை, வாழ்க்கையை இப்படி வறள வைத்துவிடும் என்று மனுவேல் அப்போது நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நீல மருந்து. அதில் ஒண்ணுக்கைச் சேர்த்துக் காய்ச்சி, நீலமாகவே நின்றால் நல்ல உடம்பு. பச்சை என்றால் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. மஞ்சள் என்றால் உள்ளே வந்துவிட்டது. ஆரஞ்சு என்றால் பாய் விரித்துவிட்டது. செங்கல் நிறம் வந்தால் வீட்டையே எழுதி வாங்கிவிட்டது என்று அர்த்தம்.

"மாத்திரை வேண்டாம்" என்றார் டாக்டர். "வெளிநாட்டுப் பத்திரிகைல ஒரு வைத்தியம் படிச்சேன். கீட்டோஜெனிக்னு பேர். அரிசி, ராகி, கிழங்கு, சர்க்கரை எதுவும் கூடாது. கறி, முட்டை, வெண்ணெய், கீரை, பட்டர் ஃப்ரூட், அவ்வளவுதான். உடம்பு தன் கொழுப்பையே எரிச்சுக்கும். வாரா வாரம் பாட்டில் வரணும். செங்கல் நிறம் வந்துச்சுன்னா இன்சுலின் ஊசிதான். தினமும், ஆயுசுக்கும்."

ஊசி என்றதும் மனுவேல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். எஸ்டேட்டுக்குக் காலரா ஊசி போட வந்தபோது ஆட்களை எல்லாம் அதட்டி வரிசையில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் மூட்டை எடை போடுகிற சாக்கில் குடோனுக்குள் ஒளிந்துகொண்ட மனுஷன் அவர். சின்னத்தாயி என்ற கிழவி கூட அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கை நீட்டினாள்.

"கேட்டாவா?" என்றாள் சாந்தாமேரி, விவரம் கேட்டதும். "சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க. எதக் கேட்டாலும் இல்லைங்கற வைத்தியம்."

வேலியோரம் விழுந்து பன்றி தின்றுகொண்டிருந்த பட்டர் ஃப்ரூட் அன்றிலிருந்து ரைட்டர் தட்டுக்கு வந்தது. முட்டை வந்தது, வெண்ணெய் வந்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்த கறி தினமும் வந்தது. சோறு இல்லாததைக்கூட மனுவேல் பொறுத்துக்கொண்டார். காப்பியைத்தான் பொறுக்க முடியவில்லை.

"டப்பா ஊட்ல இருந்தா உங்க கை சும்மா இருக்காது" என்று சாந்தாமேரி அந்த மாத ரேஷன் சர்க்கரையை அப்படியே ஐயாக்கண்ணுவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பாவம், இனி வாரா வாரம் இந்த அசிங்கத்தைச் சுமக்கப் போகிற பையன்.

"இம்புட்டும் எனக்குங்களா?" என்றான் ஐயாக்கண்ணு. பையன் என்றாலும் நாற்பது வயசு, பெண்டாட்டி ஊரில். கொடுத்த சர்க்கரையைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க அம்மணி. இஞ்சின் சூட்டுல நாக்கு நொம்ப வறளுது" என்று கேட்டு வாங்கிக் கடகடவென்று குடித்தான்.

நாலு நாள் கசப்புக் காப்பி குடித்ததில் மனுவேல் ஆட்கள்மேல் எரிந்து விழுந்தார். கீழ்க்காட்டு ஆட்கள் எல்லாம் அவரைக் கண்டதும் செடிக்குள் பதுங்க ஆரம்பித்தார்கள். சாந்தாமேரிக்கு மனசு கேட்கவில்லை. கிளியூர் முத்தாயி கொண்டுவந்த மலைத்தேனை வாங்கி வைத்தாள்.

"தேன் சர்க்கரை ஆவுங்களா? சர்க்கரை ஆலைல வர்றது. இது பூவுல வர்றது."

"வாஸ்தவம்" என்றார் மனுவேல். தனக்கு வேண்டிய பதில் கிடைத்தால் எந்த மனுஷனும் மறு கேள்வி கேட்பதில்லை.

அந்த வாரம் ஐயாக்கண்ணு ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சொன்னான்: "மஞ்சளுங்க."

மனுவேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரத்தில் பச்சை மஞ்சளாகிவிட்டதா?

"தேனா?" என்று டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "சர்க்கரைக்கு அண்ணன்யா அது."

தேன் பாட்டில் ஐயாக்கண்ணு வீட்டுக்குப் போனது.

அடுத்தது கருப்பட்டி. உடன்குடியிலிருந்து சொந்தக்காரர் யாரோ கொண்டுவந்தது. "கறுப்பா இருக்குது, மருந்து மாதிரித்தான் இருக்குது" என்று சாந்தாமேரி காப்பியில் தட்டிப் போட்டாள். வெள்ளையாக இருப்பதுதான் கெடுதல், கறுப்பாக இருப்பது நல்லது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஆரஞ்சுங்க" என்றான் ஐயாக்கண்ணு. சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான்.

கருப்பட்டிச் சிப்பமும் ஐயாக்கண்ணு வீட்டுக்கே போனது. அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுத்ததை மறுத்தால் ரைட்டரம்மா மனசு கோணும் அல்லவா?

"இனிப்பே இல்லாம முடியலைன்னா சாக்ரின் போட்டுக்கங்க" என்று டாக்டரே கடைசியில் இறங்கி வந்தார். "ஒரே ஒரு மாத்திரை. அதுல சர்க்கரையே கிடையாது. அதையும் மீறி அடுத்த வாரம் நிறம் ஏறுச்சுன்னா நீங்க திருட்டுத்தனமாத் திங்கறீங்கன்னு அர்த்தம். திங்கட்கிழமை ஊசியைப் போட்டுடுவேன்."

பஜாரில் ஒரு மருந்துக் கடையில் சாக்ரின் கிடைத்தது. கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. சாந்தாமேரி அதைப் பார்த்து ஏமாந்துபோனாள். இத்தனூண்டு என்ன இனிக்கப் போகிறது என்று, வழக்கமான கணக்கில் மூன்று கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டாள்.

மனுவேல் ஒரு மடக்குதான் குடித்தார். அன்றைக்கு முழுக்க அவருக்கு முட்டை இனித்தது, மிளகுக் கறி இனித்தது, சும்மா எச்சில் விழுங்கினாலும் இனித்தது. ராத்திரி ஜெபம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து ஒரே மாத்திரை. முதலில் இனித்து, பின்னால் இரும்பை நக்கிய மாதிரி கசந்தது. ஆனாலும் மனுவேல் உண்மையாக இருந்தார். அந்த வாரம் அவர் வாய்க்குள் ஒரு பொட்டுச் சர்க்கரை போகவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

சாந்தாமேரிதான் நம்பவில்லை. வேலை முடிந்து வந்ததும், "வாயத் திறங்க" என்று முகர்ந்து பார்த்தாள். சட்டைப் பையைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் ஆறுதல் வராமல் ஐயாக்கண்ணுவைக் கூப்பிட்டு, "ரைட்டரு பஜாருக்கு வந்தா எங்கியாச்சும் பன்னு, மிட்டாயின்னு திங்கறாரான்னு பாத்துச் சொல்லு சாமி" என்று, அந்த உளவு வேலைக்குக் கூலியாகத் தினமும் இரண்டு கடை அதிரசம் கொடுத்தாள்.

நடுவில் ஜீப் ஷெட்டுக்குப் பின்னால் வேலியோரம் எறும்பு சாரை சாரையாக ஊர்வதைப் பார்த்து, "ஏப்பா, அம்மா குடுத்த தேனச் சிந்திப்போட்டியா?" என்று மனுவேல் சத்தம் போட்டார்.

"சத்தியமா இல்லீங்க" என்றான் ஐயாக்கண்ணு. "அது எப்பவும் அங்கதான் மொய்க்குதுங்க." மனுவேல் மருந்துத் தூள் தூவச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. ஐயாக்கண்ணு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா நிறம்?"

"வேண்டாங்க ரைட்டரே."

"சொல்லுப்பா."

"செங்கலுங்க."

ஒரு பொட்டுச் சர்க்கரை தொடாத உடம்பில் செங்கல் எப்படி வந்தது? முட்டையில் இருக்கிறதா, கீரையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா?

"பைபிள் மேல ஆணையாச் சொல்றேன்" என்றார் மனைவியிடம்.

"ஆணையெல்லாம் வேண்டாங்க" என்றாள் சாந்தாமேரி. அவளுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. திங்காமலே ஏறுகிறது என்றால் இது பெரிய வியாதி. அவள் அழ ஆரம்பித்ததும் மனுவேலுக்கு உள்ளபடியே சாவு பயம் வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கிற சிங்கராயர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. இலை போட்டதும் மனுவேல் ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக்கு ஊசி. இனிமேல் ஆயுசுக்கும் ஊசி. தின்னாலும் செங்கல், தின்னாவிட்டாலும் செங்கல். அப்புறம் எதற்கு வயிற்றைக் காயப்போட வேண்டும்? நனைந்தவனுக்கு ஏது ஈரம்?

பிரியாணியை இரண்டு தரம் வாங்கினார். பாயசத்தை வாளிக்காரன் போகப் போகக் கூப்பிட்டு வாங்கினார். லட்டை எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்டு வாங்கி, மூன்று கரண்டி போட்டுக் காப்பியும் குடித்தார். சாந்தாமேரி தடுக்கவில்லை. தூக்கில் போடப் போகிறவனுக்குக் கடைசி ஆசையைக் கேட்பார்கள் என்று அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை ஐயாக்கண்ணுவே ஜீப்பில் அழைத்துப் போனான். வழியில் இரண்டு வளைவில் நிறுத்தி, "ஒரு நிமிசமுங்க" என்று புதர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தான். மனுவேல் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி மேசையில் தட்டில் ஊசி தயாராக இருந்தது. மனுவேல் அந்தப் பக்கமே பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஊசி போடறதுக்கு முன்னால எந்த அளவுல இருக்குன்னு பாக்கணும்" என்றார் டாக்டர். "இங்கயே பிடிச்சுக் குடுங்க."

மனுவேல் பிடித்துக் கொடுத்தார். கம்பவுண்டர் பாக்கியநாதன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பேயைப் பார்த்தவர் மாதிரி திரும்பி வந்தார். கையில் இருந்த கண்ணாடிக் குழாயில் மருந்து நீலமாகவே இருந்தது.

"மறுபடியும் காய்ச்சுங்க" என்றார் டாக்டர்.

மறுபடியும் காய்ச்சினார்கள். மறுபடியும் நீலம். டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சனிக்கிழமை செங்கல். இன்னிக்கு நீலம். நடுவுல என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க. இதை நான் பத்திரிகைக்கே எழுதணும்."

மனுவேல் சுவரைப் பார்த்தே சொன்னார். "பாயசங்க."

"என்னது?"

"பாயசம், லட்டு, பிரியாணி. அப்புறம் மூணு கரண்டி போட்டுக் காப்பி."

டாக்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். படித்த படிப்பு மொத்தமும் கண் முன்னால் கவிழ்ந்துபோன முகம் அது. அப்புறம்தான் அவருக்கு ஒரு கேள்வி தோன்றியது.

"இத்தனை நாளா அந்தப் பாட்டிலை இங்க கொண்டுவந்து குடுத்தது யாரு?"

வாசலில் ஆஸ்பத்திரிக் குழாயடியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஐயாக்கண்ணு, வாயைத் துடைத்தபடி உள்ளே வந்தான். நீலக் குழாயைப் பார்த்தான். தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தான்.

"ரைட்டரே, மொத நாளே போச்சுன்னு உங்ககிட்டச் சொன்னனுங்களே" என்றான். "வளைவுல கார்க்கு புடுங்கி அத்தனையும் சீட்டுல கொட்டிப் போச்சுங்க. நீங்க சரி சரின்னீங்க."

"அப்ப இங்க வந்தது?" என்றார் டாக்டர்.

"வெறும் பாட்டிலக் குடுத்தா வைவீங்கன்னு என்னுதப் புடிச்சுக் குடுத்தனுங்க. அப்புறம் நடுவுல ஆள மாத்துனா நிறம் ஒத்து வராதேன்னு, அவருத வழியிலயே கொட்டிப்போட்டு, வாரா வாரம் என்னுதேதானுங்க."

ஐயாக்கண்ணு ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்:

"ஏனுங்க டாக்டரு, அப்ப அந்த ஊசி எனக்குங்களா?"