ஒரு ஊக்கும் ஒரு ட்ரெட்மில்லும்

ஜெயஸ்ரீயை ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுத்தான் மறுவேலை என்று போன ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். ஜெயத்தைப் பேரிலேயே வைத்திருக்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் எடுக்கக்கூடாத முடிவு அது.

எல்லாம் பொத்தேரிக் கல்லூரிப் பிள்ளைகள் ஆரம்பித்த விளையாட்டால் வந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம். கையில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு ஊக்கோடு கிளம்ப வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் அதைக் கொடுத்து, அதைவிடப் பெரிதாக எதையாவது வாங்க வேண்டும். அதை இன்னொருவரிடம் கொடுத்து இன்னும் பெரிது. காசு கூடாது. சாயங்காலம் யார் கையில் உருப்படியான சாமான் இருக்கிறதோ அவர்தான் ஜெயித்தவர்.

"நீங்களா? தெரியாதவங்ககிட்டயா?" என்றாள் ஜெயஸ்ரீ. "ஆட்டோக்காரர்கிட்ட பேசவே என்னை முன்னாடி தள்ளிட்டு நீங்க போஸ்டரைப் படிப்பீங்க."

"திருமுடிவாக்கம் ஃபேக்டரியில நாற்பது பேரை மேய்க்கிறேன் நான்."

"அவங்க சம்பளத்துக்கு மேயறாங்க. சரி, நானும் சேர்றேன். தோக்கறவங்க ஒரு வருஷத்துக்கு ஞாயித்துக்கிழமை சமையல்."

"நீ எப்படி? இன்னைக்கு உனக்கு ரேஷன் அரிசி புடைக்கணும், துணி துவைக்கணும்."

"நான் வீட்டுல இருந்தே ஆடிக்கறேன். நீங்க கிளம்புங்க சுகுமார் சார்."

சார் என்று அவள் கூப்பிட்டால் எங்கேயோ வலை விரித்திருக்கிறாள் என்று அர்த்தம். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. கையில் ஊக்கு, மனசில் ஊக்கம். இறங்கிவிட்டேன்.

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு பெண் செருப்பு வார் அறுந்து நின்றாள். ரயில் வருகிற சத்தம். ஊக்கை நீட்டினேன். மாட்டிக்கொண்டு, பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். காலையில் சாப்பிடாமல் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு நின்ற செக்யூரிட்டி அந்தோணிசாமி அந்த முறுக்குக்காகத் தன் குடையைக் கொடுத்தார். "வூட்ல இன்னொண்ணு கீது சார், எடுத்துக்க."

கேம்ப் ரோடு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை ஓரத்தில், வெள்ளை வேட்டி சட்டையில், மிக்ஸிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். பெயர் ஏசுபாதம். புது வீட்டுக்குப் போனபோது மூன்று மிக்ஸி பரிசாக வந்ததாம். ஒன்றைக் கடையில் மாற்ற வந்திருக்கிறார். பில் இல்லாமல் மாற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள்.

"கல்யாண மண்டபத்துல என் சம்சாரம் நிக்கறா சார். நனைஞ்சுகிட்டுப் போனா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. நானும் கல்யாணமானவன். குடை அவர் கைக்குப் போனது. மிக்ஸி என் கைக்கு வந்தது.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். "புது மிக்ஸி, ஜெயா. பெட்டி பிரிக்காதது."

"பரவாயில்லையே. போதும், வந்துடுங்க."

"உன் கையில என்ன இருக்கு?"

"அதே ஊக்குதான். சொல்றதைக் கேளுங்க. அதுக்கு மேல உங்களால முடியாது. சேலையூர்ப் பக்கம் போயிடாதீங்க. அங்க வீட்டுக்காரங்க பெரிய பெரிய சாமானாக் காட்டி உங்களை ஏமாத்திடுவாங்க."

பெரிய பெரிய சாமான் என்று அவள் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. சேலையூருக்கு நடந்தேன்.

இரண்டாவது தெருவில் ஒரு கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி வந்தார். "மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்கீங்க. அந்த ஆட்டம் ஆடறவரா சார்? நான் தீபா. மிக்ஸிக்குப் பதிலா என்கிட்ட ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களா?"

ஷெட்டில் போர்வையை விலக்கினார். ட்ரெட்மில். கறுப்பாக, பளபளவென்று, எருமை மாதிரி நின்றது.

"ஓடுமா?"

"ஓட்டியே காட்டியிருப்பேன் சார். இப்ப பாத்து கரண்ட் இல்ல."

உள்ளே டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மிக்ஸியை அவரிடம் கொடுத்துவிட்டு, ட்ரெட்மில்லை ஏற்ற வண்டி பிடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. கிடைத்த குட்டியானை லோடு வண்டியின் டிரைவர் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இன்னா சார் இது, ரயில் இன்ஜினைக் கழட்டிகினு வந்தியா?" எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர் ஒரு புது வார்த்தை சொன்னார். பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை எழுத முடியாது.

வாசல் கதவைத் தட்டினேன். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் நின்றது. ஜெயஸ்ரீ சட்னி கையோடு வந்து திறந்தாள். அவளுக்குப் பின்னால், சமையல் மேடையில், ஏசுபாதத்தின் மிக்ஸி.

"இது எப்படி இங்க?"

"தீபா ஸ்கூட்டர்ல கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனாங்க. ஊக்கைக் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க."

"ஊக்குக்கு யாராவது மிக்ஸி கொடுப்பாங்களா?"

"ஷெட்டைக் காலி பண்ணிக் கொடுத்தா கொடுப்பாங்க. வேண்டாத பெரிய சாமான் யார் வீட்ல இருக்கு, எடுத்துக்க ஆள் அனுப்பறேன்னு காலைல நம்ம ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். நீங்கதான் குரூப்ல எதையும் படிக்கறதில்லையே."

"ஆனா ட்ரெட்மில் பெருசு. விலையும் ஜாஸ்தி. நான்தான் ஜெயிச்சேன்."

"தாராளமா. ஸ்விட்சைப் போடுங்க."

போட்டேன். ஒரு சிவப்பு விளக்கு கூட எரியவில்லை. பிளக்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினேன். பெல்ட்டைக் காலால் தள்ளினேன். கடைசியில் அதன் மேல் ஏறி நானே நடந்து பார்த்தேன். நான்தான் கீழே இறங்க வேண்டியதாயிற்று.

"மோட்டார் போய் ரெண்டு வருஷமாச்சாம்," என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை வெங்காய சாம்பார் வைங்க. அளவு நான் சொல்லித் தரேன்."

நான் சோபாவில் உட்கார்ந்தேன். ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு அது நின்றது. "இதை என்ன பண்றது?"

"அதுக்கும் ஆள் வர்றார்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, காலிங் பெல் அடித்தது. மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒருவர், மாவரைக்கும் கிரைண்டரைத் தோளில் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க நின்றார். குரோம்பேட்டையிலிருந்து வருகிறாராம். பெயர் குமரவேல். ட்ரெட்மில்லைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. காலையில் கண்ணாடியில் நான் பார்த்த அதே வெளிச்சம்.

"எடுத்துக்கலாமா மேடம்? வீட்ல ஒரு பந்தயம் இருக்கு."

"தாராளமா," என்றாள் ஜெயஸ்ரீ. பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாவம், மூணு மாடி இறங்கணும். ஒரு கை பிடிங்க."

நான் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். "ஜெயா, இது ஓடாதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"அவர் சம்சாரத்துக்குத் தெரியும்."