காபி சரியில்லை

அன்றைக்கும் காபி சரியில்லை. க்ளைவ் ஒரு வாய் குடித்துவிட்டு, விபத்து நடந்த இடத்தைப் பார்வையிட வந்த அதிகாரியைப் போலக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஃபா!"

நீலக் கோட்டு போட்ட பெண் ஓடி வந்தாள். அந்தக் கோட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. முன்பு இந்தக் கடையில் பழுப்பு ஏப்ரன்தான் கட்டியிருப்பார்கள்.

"சொல்லுங்க பெரியப்பா."

"இது காபியா?"

"காபிதான் பெரியப்பா."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் காபிதான் பெரியப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தாய்லாந்தின் இந்தச் சுரின் ஊரில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள், சிரிப்பார்கள். எந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவர் மனைவி பிக்குன்தான் காதோரம் சொல்லித் தருவாள். அவள் போன பிறகு எல்லாச் சிரிப்பும் அவருக்கு ஒரே சிரிப்பாகிவிட்டது.

போன் அதிர்ந்தது. இங்கிலாந்தின் க்ரிம்ஸ்பியிலிருந்து மகள் ஹெதர். முதல் மனைவியின் மகள்.

'அப்பா, டிசம்பரில் வருகிறேன். தனியாகச் சமாளிக்கிறீர்களா என்று நேரில் பார்க்க வேண்டும். முடியவில்லையென்றால் என்னோடு கிளம்பிவிடுங்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன். தோட்டம்கூட இருக்கிறது.'

க்ரிம்ஸ்பியில் தோட்டம்! மழை வழியும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

க்ளைவ் போனைக் கவிழ்த்து வைத்தார். பிக்குனின் சாம்பல் இந்த ஊர்க் கோயில் மதில் சுவரில், கையகல மாடத்தில் இருக்கிறது. பக்கத்து மாடத்தை அவள் உயிரோடு இருந்தபோதே இவருக்காகச் சொல்லி வைத்திருந்தாள். அவளை அங்கே விட்டுவிட்டு எங்கே போவது?

சமாளிக்கிறேன் என்று மகளுக்கு எதைக் காட்டுவது? வீட்டைக் காட்ட முடியாது. அங்கே குளிர்பதனப் பெட்டியில் ஒரு ஜாம் புட்டிதான் இருந்தது. இருப்பது இந்த மேஜை ஒன்றுதான். இந்த மாலில், இந்தக் கடையில், அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.

பிக்குன் ஆஸ்பத்திரியில் படுக்கிறவரை இருவரும் தினமும் இங்கே வருவார்கள். பலகையைப் படித்து அவள் சொல்லுவாள். அவர் காபியைத் திட்டுவார். ஒரு நிமிடத் திட்டை அவள் இரண்டே வார்த்தைகளில் மொழிபெயர்ப்பாள், கடைக்காரர்கள் கைகூப்பி நன்றி சொல்வார்கள். நடுவில் என்ன நடக்கிறதென்று அவர் யோசித்ததே இல்லை.

அவள் இறந்து நூறாம் நாள் தானம் முடிகிறவரை அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது கடையை மாற்றிக் கட்டியிருந்தார்கள். வெள்ளை நாற்காலிகள். பலகையில் பெரிய பெரிய எழுத்து. பதினான்கு வருடத்தில் அந்த எழுத்தில் ஒன்றைக்கூட அவர் கற்றுக்கொண்டதில்லை. சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் காது ஓவியம், நவீன கலையாம். பின்னால் ஒரு கண்ணாடி அறை. கிழவர் கிழவிகளை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். பாட்டுக் கேட்கும் மூலையாக இருக்க வேண்டும். ஆட்களும் புதியவர்கள், கொஞ்சம் ஆங்கிலம் பேசினார்கள். ஆனால் முதல் நாளே, "வாங்க க்ளைவ் பெரியப்பா" என்றார்கள். தன் புகழ் அப்படி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

டிசம்பருக்குள் கடையைச் சரிசெய்தாக வேண்டும். ஊரின் வெள்ளைக்காரர்கள் கூடிப் புலம்பும் இணையக் குழுவில் அவர் நீளமாக எழுதினார். 'மெனுவைக் காணோம். சாப்பிட ஒன்றுமில்லை. பில் வருவதே இல்லை, சாஸருக்கு அடியில் நானாகப் பணம் வைக்கிறேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். நிர்வாகம் கவனிக்குமா?'

நிர்வாகம் கவனிக்கவில்லை. ஓட்வார் என்ற நார்வேக்காரர்தான் கவனித்தார். கடையைப் பார்க்க வந்து, பாட்டு மூலைக்குள் போய், அரை மணி கழித்து மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். அன்று மாலை குழுவில் எழுதினார்: 'அருமையான சேவை. காபிகூடக் கொடுத்தார்கள்.'

காபிக்கடையில் காபிகூடவா! க்ளைவுக்கு ரத்தம் கொதித்தது. ஓட்வாருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தார்.

மறுநாள் ஃபாவிடம் நேராகவே கேட்டார். "கேக் ஒண்ணுகூடக் கிடையாதா? என் பொண்ணு வர்றா. எதைக் குடுக்கறது?"

ஃபா சிரித்தாள். அடுத்த நாள் மேஜையில் கேக் இருந்தது, மேலே முட்டைமஞ்சள் இழைகள் தூவி. அதையும் திட்டினார். அதற்கடுத்த நாள் வேறு கேக். அதில் பஞ்சுபோல உதிர்த்த பன்றி இறைச்சி. அதைத் திட்டியதும் கண்ணாடி அறைக்குப் பின்னால் நாலு நீலக் கோட்டும் கூடிக் கூடிப் பேசின. மறுநாள் கேக்கே இல்லை, வறுவல் பொட்டலம் ஒன்று இருந்தது.

நிலைமை கைமீறுகிறதென்று நண்பர் ரூடிக்குப் போன் போட்டார். சுவிட்சர்லாந்துக்காரரான ரூடி எஸ்கலேட்டர் ஏறி மேல்மாடிக் கடையில்தான் காபி குடிப்பார். கீழே கால் வைப்பதில்லை என்பது கொள்கை.

"திட்டினா இங்க ஒண்ணும் நடக்காதுய்யா," என்றார் ரூடி. "பாராட்டணும். நான் இங்க சர்க்கரை போட்ட ஸ்பகெட்டியை ரெண்டு வருஷமா பாராட்டறேன்."

"சர்க்கரையை நிறுத்திட்டாங்களா?"

"இல்ல. ஆனா ஜன்னலோர மேஜை எனக்குத்தான்."

க்ளைவ் ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன் நின்று பழகினார். வாய் கோணியது. காலையில் ஃபா கோப்பையை வைத்ததும் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார், சொல்லியே விட்டார்.

"காபி நல்லா இருக்கு."

ஃபாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க பெரியப்பா?"

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

அவள் உள்ளே ஓடினாள். நாலு நீலக் கோட்டும் வெளியே வந்தன. ஒருத்தி மூக்கருகே தைலக் குச்சியை நீட்டினாள். ஒருத்தி கையைப் பிடித்து நாடி பார்த்தாள். இன்னொருத்தி விசிறினாள், அந்தக் குளிர்சாதனத்திலும்.

பாராட்டு வேலை செய்கிறது என்று க்ளைவ் மகிழ்ந்தார். மறுநாள் காபியோடு நாற்காலியையும் பாராட்டினார். காது ஓவியத்தைப் பாராட்டினார். அன்று அவரை வீட்டுக்கு நடக்கவே விடவில்லை. ஃபா ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கி, கஞ்சி வாங்கி வைத்துவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

டிசம்பருக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்த வாரக் கடைசியில் அவர் மேஜைக்கு முன்னால் ஒரு பெட்டியோடு ஹெதர் நின்றாள். கசங்கிய சட்டை, தூங்காத கண்கள்.

"அப்பா! உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன? நீ டிசம்பர்னுதானே சொன்னே?"

"யாரோ ஒரு பொண்ணு போன் பண்ணா. உடனே வாங்க, அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னா. வேற ஒண்ணும் சொல்லல, அழுதா."

க்ளைவ் சுற்றுமுற்றும் பார்த்தார். யார் இந்தத் துரோகி? பக்கத்து வீட்டுக்காரியா? ஜாம் புட்டியைப் பார்த்துவிட்டாளா?

"உக்காரு, உக்காரு. இது நம்ம கடை. எல்லாரும் எனக்குப் பழக்கம். ஃபா, ரெண்டு காபி!"

ஹெதர் உட்கார்ந்தாள். சுவரில் இருந்த காதைப் பார்த்தாள். கண்ணாடி அறையில் ஹெட்போனோடு இருந்த கிழவியைப் பார்த்தாள். பிறகு தன் போனைத் தூக்கி வாசல் பலகைக்கு நேரே பிடித்தாள். எந்த மொழியையும் பெயர்த்துக் காட்டும் போன் அது. திரையில் வந்ததை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள்.

'காது கேட்கும் கருவி நிலையம். பரிசோதனை இலவசம்.'

"அப்பா... இது என்ன கடைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?" என்றார் க்ளைவ். "பிக்குனுக்குப் பிடிச்ச கடை."

ஹெதர் போனை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். தன்னோடு கூட்டிக்கொண்டு போவதென்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்த முகம் அது. அவருக்கும் அது புரிந்தது. புரியாமலிருக்க அது தாய்லாந்துச் சிரிப்பு இல்லை.

காபி வந்தது. ஹெதர் குடித்தாள். "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள், குழந்தையிடம் கேட்பது போல.

பாராட்ட வேண்டிய நேரம் அதுதான். நாலு நீலக் கோட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. க்ளைவ் வாயைத் திறந்தார். ஆனால் எதிர்நாற்காலியில் ஆள் உட்கார்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிக்குனின் நாற்காலி. அங்கே ஒருத்தி உட்கார்ந்து காபி எப்படி என்று கேட்டதும் பழகிய வார்த்தையெல்லாம் மறந்துபோய், பழைய வார்த்தைகள்தான் வந்தன.

"கண்றாவி!" என்றார். குரல் உடைந்தது. "இது காபியே இல்ல. அலம்பின தண்ணி. அவ இருந்தப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ஒருத்தராவது கேட்டாங்களா? மாட்டை வித்தாவது நல்ல கொட்டை வாங்கக் கூடாதா இவங்க?"

அவர் நிறுத்தவில்லை. கண்ணீர் வழிய வழியத் திட்டினார். கோப்பையை, சாஸரை, கேக்கை, வறுவலை.

நீலக் கோட்டுகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. ஒருத்தி கைதட்டியே விட்டாள். கண்ணாடி அறைக் கிழவி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னவென்று எட்டிப் பார்த்தாள்.

ஹெதர் எழுந்து ஃபாவிடம் போனாள். "நீதானே எனக்குப் போன் பண்ணது? என்ன நடக்குது இங்க?"

ஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினாள்.

"பழைய காபிக்கடையை மூடினப்போ பிக்குன் பெரியம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுந்து வந்து அந்தக் கடையோட காபி மெஷினை வாங்கி எங்ககிட்ட வச்சு, 'அவர் வருவார், படிக்கத் தெரியாது, திட்டுற வரைக்கும் நல்லா இருக்கார்னு விட்டுடுங்க, என்னிக்காவது நல்லா இருக்குன்னு சொன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்கக்கா, இன்னிக்குத் திட்டிட்டார், நீங்க நிம்மதியா ஊருக்குப் போகலாம்."